சாம்பல் எதனால் ஆனது? கறுப்பு-வெள்ளை இங்க்ஜெட் படங்களுக்கு மையும் தாளும்

கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறமே இல்லை, அப்புறம் மங்குவதற்கு என்ன இருக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. டார்க்ரூமில் போட்ட பழைய படங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். அங்கே படம் முழுவதும் வெள்ளி என்ற ஒரே பொருளால் ஆனது. இங்க்ஜெட்டில் கதை வேறு. திரையில் ஒரே சாம்பலாகத் தெரிவது, தாளில் ஏழெட்டு மைகளின் நுண்புள்ளிகளாக இறங்கக்கூடும். அவற்றில் ஒரு மை மட்டும் முந்திக்கொண்டு வெளிறினால் அந்தச் சாம்பல் பச்சையோ ஊதாவோ செம்பழுப்போ அடிக்கத் தொடங்கும்.

வண்ணப் படத்தில் ஒரு சேலையின் சிவப்பு சற்றே வெளிறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாம்பலில் அப்படி ஒளித்துவைக்க இடமில்லை. முகத்தின் நடுத்தொனியில் மெல்லிய பச்சை ஏறினாலே படம் நோய்ப்பட்டதுபோலத் தெரியும். கறுப்பு-வெள்ளைக்கு மை வாங்கும்போது "எத்தனை ஆண்டு தாங்கும்" என்று கேட்பதற்கு முன், "இந்தச் சாம்பல் எதனால் ஆனது" என்று கேட்க வேண்டும். ஆயுள் பற்றிய மற்ற எல்லாப் பதில்களும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

சாய மையும் நிறமி மையும்

இங்க்ஜெட் மைகள் இரண்டு வகை. டை எனப்படும் சாய மையில் நிறம் திரவத்தில் முழுமையாகக் கரைந்திருக்கிறது. பிக்மென்ட் எனப்படும் நிறமி மையில் நுண்ணிய திடத் துகள்கள் திரவத்தில் மிதக்கின்றன. சாய மூலக்கூறு தனித்தனியாக நிற்பதால் ஒளியோ ஓசோனோ ஒரு மூலக்கூறைத் தாக்கினால் அதோடு அதன் நிறம் போயிற்று. நிறமித் துகளில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கட்டியாகச் சேர்ந்திருக்கின்றன. மேலடுக்கு சிதைந்தாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காக்கின்றன.

சாய மைக்கு வெயிலைவிடக் காற்று பெரிய எதிரியாக இருக்கலாம் என்பதை 2000-ஆம் ஆண்டு பலரும் கண்ணால் பார்த்தார்கள். அப்போது எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்களில், பிரீமியம் குளாஸி தாளில் போட்ட படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சாக மாறின. வெயில் படாத அறைகளிலும் அது நடந்தது. காற்றிலுள்ள ஓசோன் அந்தத் தாளின் நுண்துளைகள் வழியே புகுந்து சயான் என்ற நீலப்பச்சைச் சாயத்தை அழித்ததே காரணம். சயான் போனால் மிஞ்சுவது மஞ்சளும் மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பும், அதாவது ஆரஞ்சு. உடனே உலரும் நுண்துளைத் தாள்களின் வசதிக்குக் கொடுத்த விலை அது. சாய மைகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் நுண்துளைத் தாளும் சாய மையும் சேர்ந்தால் படத்தைத் திறந்த காற்றில் விடக்கூடாது என்பது இன்றும் பொருந்தும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்கும் எப்சன் எல்805 போன்ற ஆறு டாங்கிப் பிரிண்டர்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் உள்ளவை கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், இளஞ்சயான், இளமெஜந்தா ஆகிய ஆறு சாய மைகள். சாம்பல் மை ஒன்றுகூடக் கிடையாது. வெளிர் சாம்பலுக்குக் கறுப்பு மையைத் தூவினால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால், பிரிண்டர் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தே சாம்பலை உருவாக்குகிறது. ஆக, முகம், வானம், சுவர் என்று படத்தின் பெரும்பகுதி வண்ண மைகளால் ஆனது. கல்யாண ஆல்பத்துக்கு இவை நல்ல பிரிண்டர்கள். தாத்தாவின் கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பேரப்பிள்ளைகளுக்காகப் போட்டுவைக்க இவை ஏற்றவை அல்ல. இதில் மூன்றாம் தரப்பு மையை லிட்டர் கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. புட்டியில் "பிக்மென்ட்" என்று எழுதியிருப்பது எந்த நிறமி என்பதைச் சொல்வதில்லை.

மூன்று கறுப்புகள்

நிறமி மையே தீர்வு என்று முடிவானாலும் ஒரு படி மிச்சமிருக்கிறது. நிறமிகளும் ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் வெளிறுபவை. ஆகவே சாம்பலில் வண்ண நிறமியின் பங்கைக் குறைக்க வேண்டும். 2005-இல் எப்சன் கொண்டுவந்த அல்ட்ராகுரோம் கே3 மைகளின் முக்கியத்துவம் இங்கேதான். கறுப்பு, வெளிர் கறுப்பு, அதனினும் வெளிர் கறுப்பு என்று மூன்று அடர்த்திகளில் கறுப்பைக் கொடுத்ததால், வெளிர் சாம்பலுக்கும் கறுப்புக் குடும்பத்து மையையே பயன்படுத்த முடிந்தது. இன்றைய எப்சன் பி700, பி900, கேனான் புரோ-1000 போன்றவற்றிலும் இதே வழிதான். கறுப்போடு சாம்பல் மைகளும் தனித்தனிக் கார்ட்ரிட்ஜ்களாக இருக்கின்றன.

ஆனால் கார்ட்ரிட்ஜ் இருந்தால் மட்டும் போதாது. டிரைவரில், அதாவது பிரிண்டரை இயக்கும் கணினி மென்பொருளில், சரியான முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்சனில் அதன் பெயர் அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ, கேனானில் பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ. இவற்றில் அச்சடித்தால் பிரிண்டர் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளையே எடுத்துக்கொண்டு, சாயலைத் திருத்த மட்டும் சிறிதளவு வண்ணத்தைச் சேர்க்கும். அதே படத்தை வண்ண முறையில், ஐசிசி ப்ரொஃபைல் என்ற நிற விவரக் கோப்பு வழியாக அச்சடித்தால் வண்ண மைகள் கூடுதலாக இறங்கும். அச்சான அன்று இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். டியூப்லைட்டில் ஒரு நிறமாகவும் ஜன்னல் ஓரத்தில் வேறொரு நிறமாகவும் தெரிவது பெரும்பாலும் வண்ண முறையில் போட்டதுதான். பிற்காலத்தில் முதலில் சாயல் மாறுவதும் அதுதான்.

செப்பியாப் பழுப்பு பிடிக்கும் என்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். டிரைவரில் செப்பியா என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பழுப்பு மஞ்சள், மெஜந்தா மைகளிலிருந்து வருகிறது. பழைய அல்ட்ராகுரோம் தொகுதிகளில் மஞ்சள்தான் பலவீனமான கண்ணி. ஆகவே வெகுகாலம் இருக்க வேண்டிய படத்தில் பழுப்பை மையில் கலக்காமல், இயல்பாகவே பால்வெள்ளையாக உள்ள தாளிலிருந்து பெறுவது நல்லது. அல்லது கரி மையிலிருந்து பெறலாம்.

கரி

கறுப்பு மையின் உயிர் கரித்துகள். எண்ணெயையோ வாயுவையோ குறைந்த காற்றில் எரித்துப் பெறும் புகைக்கரிதான் அது. கார்பன் தனிமம் என்பதால் ஒளி அதைப் பிரித்து வேறொன்றாக்க முடியாது. ஓசோனும் வீட்டுக் காற்றில் உள்ள அளவில் அதைத் தொடுவதில்லை. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டுக் கரியும் இலைச்சாறும் தேய்த்து மையாடியவர்களுக்கு இது தெரிந்த பொருள். ஓலை இற்றுப்போன சுவடிகளிலும் எழுத்தின் கறுப்பு அப்படியே இருப்பதைப் பார்க்கலாம்.

கரியில் ஒரு சிக்கல் உண்டு. அடர்த்தியாக இருக்கும்போது கருகருவெனத் தெரியும் கரி, மெல்லிய பூச்சாக இறங்கும்போது பழுப்படிக்கிறது. இங்க்ஜெட் ஹெட்டின் நுண்துளையில் அடைக்காமல் போகத் துகள்களை மிக நுண்ணியதாக அரைக்க வேண்டியிருக்கிறது. நுண்மை கூடக்கூடப் பழுப்பும் கூடுகிறது. ஆகவே வெறும் கரியால் அச்சிட்ட படம் இளம்பழுப்பாக இருக்கும். அதை நடுநிலைச் சாம்பலாக்க வேண்டுமானால் நீல, மெஜந்தா நிறமிகளைச் சிறிது சேர்க்க வேண்டும். நிறுவனங்கள் விற்கும் "வெளிர் கறுப்பு", "சாம்பல்" மைகளுக்குள்ளேயே இத்தகைய திருத்தம் இருக்கலாம்.

ஆகவே சாயலும் ஆயுளும் ஒன்றையொன்று விலைபேசுகின்றன. கரியோடு சேர்த்த வண்ண நிறமி காலப்போக்கில் தளர்ந்தால் படம் அழிந்துவிடாது. கரியின் இயல்பான பழுப்புக்குத் திரும்பும். வண்ண நிறமிகளில் ஒன்று மட்டும் தளர்ந்தால்தான் தொல்லை, அப்போதுதான் பச்சையோ ஊதாவோ வருகிறது. படத்துக்குக் குளிர்ந்த நீலச் சாயல் வேண்டுமென்று எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு வண்ண நிறமி ஏறுகிறது. டிரைவரில் "கூல்" என்ற தேர்வைவிட "நியூட்ரல்" பாதுகாப்பானது. அதைவிட "வார்ம்" பக்கம் சிறிது சாய்ந்த, கரியின் இயல்புக்கு அருகிலுள்ள தொனி பாதுகாப்பானது. ஆயுளே முதல் நோக்கம் என்றால் பழுப்பை ஒரு குறையாகப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மையான வழி என்பது எங்கள் கருத்து. வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் ஆன பழைய படங்களின் பழுப்பை நாம் அழகு என்றுதானே சொல்கிறோம்.

இந்த வழியில் முழுமூச்சாக இறங்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இயங்கும் ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி, எப்சன் பிரிண்டரின் வண்ண மைகளை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் ஒரே கறுப்பின் பல அடர்த்திகளை நிரப்பும் முறை. ஏழு அடர்த்திகள் கொண்ட தொகுதியும் உண்டு. புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, வெளிர் தொனிகள் பட்டுபோல வழிகின்றன. பால் ரோர்க் என்பவர் எபோனி என்ற கரி மையை நீர்த்துப் பல அடர்த்திகளாக்கிக்கொள்ளும் செய்முறைகளை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டிருக்கிறார். அது மேட் எனப்படும் பளபளப்பில்லாத தாளுக்கு மட்டுமான வழி, செலவும் குறைவு. இரண்டையும் ஓட்டப் பெரும்பாலும் ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருளே பயன்படுகிறது. எந்த அடர்த்தி மை எந்தத் தொனியில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அதில் நாமே வரையறுக்கலாம். இயல்பான எப்சன் மைகளோடும் அது வேலை செய்யும். அப்போது வண்ணக் கலப்பை டிரைவர் விடுவதைவிட இன்னும் குறைக்கலாம்.

ஒரு பிரிண்டரைக் கரி மைக்கு மாற்றுவது என்றால் அதை அதற்கே ஒப்புக்கொடுத்துவிட வேண்டும். காலை வண்ணம், மாலை கரி என்று மாற்றி மாற்றி ஓட்டினால் குழாயில் தங்கிய பழைய மை கலந்து இரண்டும் கெடும்.

200 ஆண்டு, 400 ஆண்டு

எப்சன் தன் அல்ட்ராகுரோம் எச்டி மைகளுக்கு வண்ணத்தில் 200 ஆண்டு வரை, கறுப்பு-வெள்ளையில் 400 ஆண்டு வரை என்று சொல்கிறது. இந்த வகை எண்கள் எப்படி வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் பயன்படும். பெரும்பாலான நிறுவனங்கள் மேற்கோள் காட்டும் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் நிறுவனத்தின் சோதனையில் மாதிரிகளைக் கடும் ஒளியில் வைத்து வேகமாக மங்கச் செய்வார்கள். பிறகு, நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) ஒளியில் படம் தொங்குவதாகக் கொண்டு ஆண்டுகளாக மாற்றுவார்கள். 450-ஐ 12-ஆல், பிறகு 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19.7 லட்சம் லக்ஸ்-மணி வருகிறது.

நேரடி வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதாவது 20 மணி நேர வெயில், சோதனைக் கணக்கில் ஓர் ஆண்டுக்குச் சமம். கிழக்குப் பார்த்த ஜன்னல் வழியே காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழும் சுவரில் படத்தை மாட்டினால் ஓர் ஆண்டில் பதினெட்டு "ஆண்டுகள்" கரைந்துவிடும். அதே படத்தை அருங்காட்சியக முறைப்படி 50 லக்ஸில் நாளுக்குப் பத்து மணி நேரம் காட்டினால், ஓர் ஆண்டின் மொத்தம் 1.8 லட்சம் லக்ஸ்-மணிதான். சோதனைக் கணக்கின் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. மையைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பவர் சுவரைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் செலவிடுவதில்லை. இது வருத்தம் தரும் விஷயம்.

இன்னொன்று, "மங்கிவிட்டது" என்று எப்போது தீர்ப்புச் சொல்வது என்பது. ஆண்டுக் கணக்கில் பேசும் சோதனைகள் கணிசமான அடர்த்தி இழப்பை எல்லையாக வைக்கின்றன. மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட் நடத்திய ஆர்டன்பர்க் இமேஜிங் காப்பகம் ஆண்டு என்ற அலகையே விட்டுவிட்டு, கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் தொடங்கும் வரை எத்தனை மெகாலக்ஸ்-மணி (பத்து லட்சம் லக்ஸ்-மணி) தாங்குகிறது என்று அளந்தது. கறுப்பு-வெள்ளைக்காரருக்கு இதுவே பயனுள்ள அளவு, ஏனென்றால் அவருடைய கவலை பாதிப் படம் போய்விடுமா என்பதல்ல, சாம்பலின் சாயல் எப்போது திரும்பும் என்பது. அந்தச் சோதனைகளில் மைக்கு முன்பே தாள் மாறிப்போன மாதிரிகள் உண்டு.

தாள் முந்திக்கொள்கிறது

கறுப்பு-வெள்ளைப் படத்தில் வெள்ளை என்பது மை படாத தாள். தாள் மஞ்சளானால் படத்தின் வெள்ளை மஞ்சளாகும், வெளிர் சாம்பல்களும் அதோடு போகும். நல்ல கரி மையை மோசமான தாளில் ஊற்றுவது பொன்னை மண்சுவரில் பதிப்பதுபோல.

தாளுக்குள் நாரின் தரம் முதலாவது. செய்தித்தாளை வெயிலில் போட்டால் பழுப்பாவது மரக்கூழில் உள்ள லிக்னினால். நீடித்த தாளுக்கு இரண்டு வழிகள்: 100 விழுக்காடு பருத்தி, அல்லது லிக்னின் நீக்கப்பட்ட ஆல்ஃபா செல்லுலோஸ். பருத்திதான் உயர்ந்தது, ஆனால் நன்கு செய்த ஆல்ஃபா செல்லுலோஸையும் ஒதுக்கத் தேவையில்லை. அமிலம் இல்லை என்று அட்டையில் எழுதியிருப்பது மட்டும் போதாது. காற்றிலிருந்து வரும் அமிலத்தை ஈடுகட்டக் கால்சியம் கார்பனேட் சேமிப்பும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9706 என்ற நிரந்தரத் தாள் தரம் இதை வரையறுக்கிறது: பிஎச் 7.5-க்கும் 10-க்கும் இடையில், கார இருப்பு குறைந்தது 2 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

அடுத்தது ஆப்டிகல் பிரைட்னர், தமிழில் ஒளிர்வூட்டி எனலாம். வெள்ளை வேட்டியின் மஞ்சளை மறைக்க நீலம் போடுவோமே, அதற்கு உறவான தந்திரம். நீலம் மஞ்சளைக் குறைத்துத் துணியைச் சற்று இருளச் செய்யும். ஒளிர்வூட்டியோ கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால் தாள் வெண்மையோடு பிரகாசமாகவும் தெரிகிறது. கடையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒளிர்வூட்டி உள்ளதைத்தான் கை எடுக்கும்.

ஆனால் ஒளிர்வூட்டி தேய்ந்துபோகும் பொருள். ஒளிபட்டு அது செயலிழக்கும்போது நீலம் போய், அடியில் இருந்த இயல்பான மஞ்சள் வெளிப்படும். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்ட்டின் அடியில் மறைந்த விளிம்பு நீலவெள்ளையாகவும் வெளிச்சம் பட்ட பகுதி மஞ்சளாகவும் இருப்பதைப் பழைய ஃபிரேமைக் கழற்றியவர்கள் பார்த்திருப்பார்கள். இதில் இரண்டு முரண்கள் உண்டு. படத்தைக் காக்கப் புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டால், ஒளிர்வூட்டிக்குத் தீனி நின்று தாள் அன்றே மஞ்சளடிக்கும். வீட்டு எல்இடி பல்புகளில் புறஊதா மிகக் குறைவு, ஆகவே அங்கும் ஒளிர்வூட்டித் தாள் கடையில் பார்த்த வெண்மையைக் காட்டாது. படம் வாழப்போகும் இடத்தில் வேலை செய்யாத வெண்மைக்குக் காசு கொடுக்கிறோம்.

கண்டுபிடிப்பது எளிது. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்று வாங்கி இருட்டறையில் தாளின் மேல் அடியுங்கள். சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை பளீரென நீலமாக ஒளிரும், அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒளிர்வூட்டி இல்லாத தாள் மங்கிய ஊதாவாக, ஏறத்தாழ இருண்டு கிடக்கும். 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் வருவதால் ஏமாற்றும். தாளின் இரு பக்கமும் பாருங்கள். பின்பக்கம் மட்டும் ஒளிர்ந்தால் ஒளிர்வூட்டி அடித்தாளில் இருக்கிறது, அது ஓரளவு தாங்கிக்கொள்ளக்கூடியது. மை இறங்கும் பூச்சிலேயே இருந்தால் அந்தத் தாளை விட்டுவிடலாம்.

ஒளிர்வூட்டி இல்லாத, பருத்தியால் ஆன தாள்கள் என்று பார்த்தால் மேட்டில் கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் (210, 310 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), எப்சன் ஹாட் பிரஸ் நேச்சுரல் (330 ஜிஎஸ்எம்) ஆகியவை கைக்கெட்டும் தேர்வுகள். பளபளப்பு வேண்டுமென்றால் கான்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் (310 ஜிஎஸ்எம்). பலரின் முதல் தேர்வான ஹானமூலே ஃபோட்டோ ராக் 308-இல் சிறிதளவு ஒளிர்வூட்டி உண்டு; அழகான தாள், அந்தச் சிறிதளவு தெரிந்தே வாங்குங்கள். பெயரில் "பிரைட்", "அல்ட்ரா ஒயிட்" என்று இருந்தால் டார்ச் இல்லாமலே ஊகிக்கலாம். ஸ்டூடியோவில் பாக்கெட் பாக்கெட்டாகப் போகும் ஆர்சி தாள் பிளாஸ்டிக் பூச்சுக்குள் அடைத்த சாதாரணத் தாள். தினசரி வேலைக்கு நல்லது, தலைமுறை தாண்டும் வேலைக்கு அல்ல.

மேட்டா, பரைட்டாவா

ரசனை சார்ந்த கேள்விதான், என்றாலும் எண்கள் உதவும். மேட் தாளில் மிக ஆழமான கறுப்பு அடர்த்தி 1.6 முதல் 1.7 வரை வரும். விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடு திரும்பி வருகிறது என்று அர்த்தம். பேரியம் சல்ஃபேட் அடுக்குள்ள பரைட்டாத் தாளிலோ மற்ற பளபளப்புத் தாள்களிலோ 2.3 அளவுக்குப் போகலாம், அங்கே திரும்புவது அரை விழுக்காடுதான். கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினால் கண்ணாடியின் பிரதிபலிப்பு இந்த வித்தியாசத்தைப் பெரிதும் தின்றுவிடும். ஃபிரேமுக்குள் போகும் படத்துக்கு மேட்டைத் தயங்காமல் எடுக்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் படங்களுக்குப் பரைட்டாவின் ஆழம் தனிச் சுகம்.

தாளுக்கேற்ற கறுப்பு என்பதில் தவறக்கூடாது. மேட் தாளுக்கான மேட் பிளாக் மையைப் பளபளப்புத் தாளில் இறக்கினால் அது ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். பளபளப்புத் தாளுக்கான ஃபோட்டோ பிளாக்கை மேட் தாளில் இறக்கினால் ஒட்டும், ஆனால் கறுப்பு சாம்பலாக வெளிறிக் கிடக்கும். டிரைவரில் மீடியா டைப் என்ற தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் சரியான கறுப்பை எடுக்கும். பழைய எப்சன்களில் இரண்டுக்கும் ஒரே வழி என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மை கழிவாகப் போகும். பி700, பி900-இல் தனித்தனி வழி இருப்பதால் அந்தச் செலவு இல்லை.

பளபளப்புத் தாளில் நிறமி மை மேலேயே அமர்வதால் மை உள்ள இடமும் இல்லாத இடமும் வேறு வேறு பளபளப்பாகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் நிழல் பகுதியில் வெண்கல மினுமினுப்பும் வரலாம். கேனானின் குரோமா ஆப்டிமைசர் போன்ற நிறமற்ற பூச்சு இதற்காகவே இருக்கிறது. படக் கோப்பில் தூய வெள்ளை இடங்களை 255 என்ற உச்ச அளவில் விடாமல் 250 அளவுக்கு இறக்கி ஒரு துளி மை விழச் செய்வதும் உதவும்.

அச்சடிக்கும் நாளில்

பருத்தித் தாள் தூசு உதிர்க்கும். அச்சடிக்கும் முன் மென்மையான அகலத் தூரிகையால் தாளைச் சாய்த்துப் பிடித்துத் துடையுங்கள். துடைக்காவிட்டால் நார்த்துணுக்கின் மேல் மை விழும், துணுக்கு பிறகு உதிரும், கருங்கூந்தலின் நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும். 300 ஜிஎஸ்எம்-க்கு மேல் உள்ள தாளுக்கு ஹெட் இடைவெளியை "வைட்" என்று வையுங்கள், இல்லையெனில் சுருண்ட ஓரத்தில் ஹெட் உரசிக் கறுப்புக் கீறல் விழும். தாளை முந்தின நாளே உறையிலிருந்து எடுத்துக் கனத்தின் அடியில் தட்டையாக வைத்தால் சுருளும் அடங்கும், அறையின் ஈரப்பதத்துக்கும் பழகும்.

மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக் இல்லாமல் விலையுயர்ந்த தாளை உள்ளே விடாதீர்கள். வண்ணப் படத்தில் வெளிர் சாம்பல் நாசில் ஒன்று அடைத்தால் தப்பித்துக்கொள்ளலாம். கறுப்பு-வெள்ளையில் வானம் முழுக்கக் கோடு விழும். நிறமி அடியில் படியும் பொருள் என்பதால் வாரம் ஒரு படமாவது போடுவது பிரிண்டருக்கும் நல்லது.

நிழல் பகுதிகள் ஒட்டி ஒரே கறுப்பாகப் போகின்றன என்றால் பொதுவாக மை அளவு கூடிவிட்டது. 21 படிகள் கொண்ட சாம்பல் பட்டியை அச்சடித்து, குறைந்தது ஒரு மணி நேரம் உலரவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கடைசி நான்கு படிகள் பிரிந்து தெரியாவிட்டால் கனம் குறைந்த மீடியா டைப்பை எடுத்துப் பார்க்கலாம், அல்லது டிரைவரில் மை அடர்த்தியை 5, 10 விழுக்காடு என்று குறைக்கலாம். அச்சின் அடர்த்தியை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் 21 படிகளையும் அளந்து குவாட்டோன் ரிப்பில் கொடுத்தால் அது படிகளைச் சீராக்கித் தரும். ஈரம் உலராமல் அளந்தால் எண்கள் பொய் சொல்லும்.

உங்கள் தாளும் மையும் எப்படி என்று நீங்களே சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. அதே பட்டியை இரண்டு பிரதி அச்சடியுங்கள். ஒன்றைக் கனத்த உறையில் பீரோவுக்குள் வையுங்கள். மற்றதன் பாதியை அலுமினியத் தாளால் மூடி வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து மூடிய பாதி, மூடாத பாதி, பீரோப் பிரதி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சிடாத விளிம்பை முதலில் பாருங்கள், அது தாளின் தீர்ப்பு. நடுச்சாம்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மையின் தீர்ப்பு. மூடிய பாதியும் பீரோப் பிரதியும் வேறுபட்டால் காற்றோ ஈரமோ வேலை செய்திருக்கிறது.

அச்சான பின்

நிறமி மை தொட்டால் உலர்ந்ததுபோல இருக்கும், ஆனால் அதில் உள்ள கிளைக்கால் என்ற மெதுவாக உலரும் திரவம் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அவசரப்பட்டு ஃபிரேமில் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டம்போலப் படலம் படியும். படத்தின் மேல் சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி, கால் மணி நேரம் கழித்து அதை மாற்றி, ஒரு முழுநாள் விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது.

லேமினேஷனைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே படம் என்றாலே லேமினேட் செய்து பலகையில் ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாய மைப் படத்துக்கு ஓசோன் தடுப்பாக அது உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பசை மஞ்சளாகும், பிவிசி படலம் காலப்போக்கில் பிசுபிசுக்கும், பலகையின் பசையும் அமிலமும் பின்னாலிருந்து வேலை செய்யும், ஒருமுறை ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. பருத்தித் தாளில் கரி மையால் போட்ட படத்துக்கு இதைச் செய்வது அதுவரை எடுத்த அக்கறையை எல்லாம் ரத்து செய்வது. அதற்குப் பதில் பருத்தி மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டி, படத்தின் மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் கொண்டு இரண்டு கீல் வைத்துத் தொங்கவிடுங்கள். தாள் ஈரத்தில் விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது.

மேட் பரப்பு எளிதில் உரசிப்போகும், ஆகவே அடுக்கும்போது இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலியஸ்டர் சிறந்தது. பிவிசி உறை, ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பம் இரண்டும் வேண்டாம். சில பிளாஸ்டிக், அட்டைகளிலிருந்து வெளிவரும் பிஎச்டி (BHT) என்ற சேர்மம் நுண்துளைத் தாளின் ஓரங்களை இருட்டிலேயே மஞ்சளாக்கும். பெட்டிக்குள் வைத்த படம் விளிம்பிலிருந்து மஞ்சளாகிறது என்றால் வெயிலைத் தேடாமல் உறையைச் சந்தேகியுங்கள்.

கடலோர ஊர்களில் பெரிய பகை ஈரம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் பருத்தித் தாளில் பூஞ்சை பிடிக்கும். பசைக்காகவும் நாருக்காகவும் இராமபாணப் பூச்சி வரும். கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் டிரை கேபினட்டில் 45 விழுக்காட்டில் சிறு படங்களை வைக்கலாம். பெரிய பெட்டிகளுக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். வெளிச்சுவரில், குறிப்பாக மழைச் சாரல் வாங்கும் சுவரில் மாட்டும் ஃபிரேமின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

படத்தின் பின்புறம், படம் விழாத விளிம்புப் பகுதியில், 2பி பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள்: அச்சான தேதி, பிரிண்டர், மை, தாளின் பெயர், டிரைவர் முறை, யார் படத்தில் இருக்கிறார்கள். பென்சிலில் இருப்பதும் கரிதான். பால்பாயிண்ட் பேனா மை தாளை ஊடுருவி முன்பக்கம் வரும், அதைத் தொடவே வேண்டாம்.